எழுதுவதும் அச்சுக் கோப்பதும்



பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை, கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு ஒரு சிறு நூல், பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு என்று உங்களிற் பலர் இன்றோ நாளையோ எதையேனும் எழுதி அச்சேற்றப் போகிறீர்கள். அச்சேறும் நோக்குடன் எழுதத் தொடங்குகிறவர் தம்மையறியாமலே இரண்டு பணிகளைத் தோளில் ஏற்றுக்கொள்கிறார். சொல்ல வந்த பொருளைத் தெளிவாகச் சொல்லி முடிப்பது ஒன்று. சொன்னதைக் கண்ணுக்கு இசைவாகத் தாளில் அமைப்பது மற்றொன்று. முன்னதை எழுதுதல் என்கிறோம். பின்னதை அச்சுக் கோத்தல் என்கிறோம். இவ்விரண்டுக்கும் எவ்வளவு காலத்தையும் கருத்தையும் எவ்வாறு பங்கிட்டுக் கொடுப்பது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இஃது ஒரு பெரிய பொருளா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் இது பெரிய பொருளாக இருந்ததில்லை என்பது உண்மையே. ஏனெனில் அப்போது எழுதுகிறவர் ஒருவர். அச்சுக் கோப்பவர் வேறொருவர்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் ஊர் அச்சகத்துக்குப் பள்ளி வேலையாக அடிக்கடி போவதுண்டு. அங்கே சாய்வாக நிறுத்திய மரப்பெட்டிகளில் எண்ணற்ற சிறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் ஈய எழுத்து. அச்சுக் கோப்பவர் நம் கையெழுத்துப் படியை எதிரே வைத்துக்கொண்டு, கண் தாளிலும் கை அறையிலுமாக, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசைப்படுத்துவார். தமிழில் கொம்பு தனி எழுத்து. கால் தனி எழுத்து. அவை தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் இருக்கும். அவற்றை அவர் நம்மைவிட விரைவாகப் படிப்பார். கோத்து முடித்ததும் மையிட்டு ஒரு நீண்ட தாளில் ஒற்றி எடுத்துத் தருவார். அதுவே முதல் புரூப். அதைத் திருத்திக் கொடுத்த பின்னரே பக்கம் கட்டுவார்கள். பக்கங்கள் சேர்ந்து ஒரு பாரம் ஆகும். பாரம் அச்சான பிறகு எழுத்துகளை மீண்டும் பிரித்து அவற்றின் அறைகளிற் போட்டுவிடுவார்கள். ஏனெனில் அடுத்த பாரத்துக்கு அதே எழுத்துகள் வேண்டும்.

இந்த முறையில் எழுதுகிறவருக்கு ஒரு கட்டாயம் இருந்தது. பக்கம் கட்டிய பிறகு நடுவே ஒரு வாக்கியத்தைப் புதிதாகச் சேர்த்தால் அந்தப் பக்கத்தின் கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். அந்தப் பக்கத்தின் கடைசி வரிகள் அதற்கடுத்த பக்கத்துக்குப் போகும். ஒருவர் தம் மனத்தை மாற்றிக்கொண்டதற்காக மற்றொருவர் அரை நாள் நின்று வேலை செய்ய வேண்டும்; அதற்குக் கூலியும் தரவேண்டும். ஆகவே, எழுதுகிறவர் தம் கைப்படியை முழுவதும் எழுதி, திருத்தி, மனம் நிறைந்த பின்னரே அச்சகத்தின் படியேறுவார். அச்சுக் கோப்பவரும் பொருளில் கை வைக்கமாட்டார். இருவர் தொழிலுக்கும் நடுவே ஒரு வேலி இருந்தது.

இன்று அந்த வேலி இல்லை. கணினி வந்தபின் எழுதும் இடமும் அச்சுக் கோக்கும் இடமும் ஒன்றாகிவிட்டன. முதல் வாக்கியத்தை எழுதும்போதே அதன் எழுத்து பெரிதா சிறிதா, தடித்ததா மெலிந்ததா என்று நாமே தீர்மானிக்கிறோம். தலைப்புக்கு என்ன நிறம், ஓரத்துக்கு எவ்வளவு இடம், வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி என்ற கேள்விகள் எல்லாம் எழுதத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே நம்முன் வந்து நிற்கின்றன. இது பெரும் வசதி, ஐயமில்லை. ஆனால் வசதி வரும்போது அதன் பின்னாலேயே ஒரு சோதனையும் வருகிறது. எழுதுவது கடினம், அலங்கரிப்பது எளிது. அடுத்த வாக்கியம் என்ன என்று தெரியாமல் மனம் திகைக்கும்போதெல்லாம், கை தானாகவே எழுத்துருவை மாற்றப் போய்விடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பக்கம் அழகாக இருக்கிறது. கருத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. வேலை செய்தோம் என்ற நிறைவு மட்டும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. உண்மையில் நாம் செய்தது வேலையைத் தள்ளிப்போட்டதே.

இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. என் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன்.

1998ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பள்ளி பொன்விழாக் கொண்டாடியது. விழா மலர் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவ்வாண்டுதான் எங்கள் பள்ளிக்குக் கணினி வந்திருந்தது. அதில் தமிழ் எழுத்துகளைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க இயலாது. இனி அச்சுக் கோப்பவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மலர் முழுவதையும் நானே பக்கம் பக்கமாக அமைத்துவிடலாம் என்று மனப்பால் குடித்தேன்.

மலரில் இடம்பெற வேண்டிய கட்டுரைகளுள் முதன்மையானது ஒன்று இருந்தது. பள்ளி தொடங்கிய 1948ஆம் ஆண்டிலேயே அதிற் பணிக்குச் சேர்ந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் அப்போது உயிரோடிருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். பள்ளி கீற்றுக் கொட்டகையில் நடந்த நாட்களையும், ஊரார் கூடி முதற் கட்டடத்தை எழுப்பிய வரலாற்றையும் நேரில் கண்டவர் அவர் ஒருவரே. கை நடுக்கத்தால் அவரால் எழுத முடியவில்லை. "நீ வந்து உட்கார் தம்பி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அவருடைய ஊர் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணந்தான்.

நான் போகவில்லை. இந்த வாரம் பக்க ஓரத்துக்குக் கோலம் அமைக்கும் வேலை இருக்கிறது. அடுத்த வாரம் போகலாம் என்று எண்ணினேன். அடுத்த வாரம் தலைப்புகளுக்கு எழுத்துருத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தது. அவருடைய கட்டுரைக்காக இரண்டு பக்கங்களை ஒதுக்கி, அவர் பெயரை அழகிய எழுத்தில் மேலே பொறித்து, சுற்றிலும் பூவேலையும் செய்து வைத்திருந்தேன். அந்தப் பக்கங்களில் சொற்கள் மட்டும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் காலமான செய்தி பள்ளிக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் சென்று மாலை வைத்துத் திரும்பினோம். மலரில் அந்த இரண்டு பக்கங்களில் அவருடைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டோம். பார்த்தவர்கள் அமைப்பு மிக அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டபோது நான் தலை குனிந்து நின்றேன். கொட்டகைக் காலத்து வரலாறு அவரோடு போய்விட்டது. அதை இனி எந்த எழுத்துருவும் மீட்டுத் தராது.

இதைக் கேட்டுவிட்டு, அச்சமைப்பு என்பதே வீண் ஆடம்பரம், எழுதுகிறவர் அதைத் திரும்பியும் பார்க்கலாகாது என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது. அது மற்றோர் எல்லையில் உள்ள பிழை. தாளில் எழுத்தை எவ்வாறு அமைக்கிறோம் என்பது பல இடங்களில் பொருளையே தீர்மானிக்கிறது.

இலக்கணத்தில் பொதுமொழி என்று ஒன்றைப் படித்திருப்பீர்கள். தாமரை என்று சேர்த்துச் சொன்னால் அது மலர். தா, மரை என்று பிரித்தால் தாவுகின்ற மான். வேங்கை என்றால் மரமோ விலங்கோ ஆகும். வேம், கை என்று பிரித்தால் வேகின்ற கை. எட்டு என்பது ஓர் எண். எள், து என்று பிரித்தால் எள்ளை உண் என்று பொருள்படும். இடையே ஒரு சிறு வெற்றிடம் விழுவதும் விழாததுமே இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஒற்றெழுத்தும் அப்படித்தான். வேலை கொடு என்றால் பணி கொடு என்பது பொருள். வேலைக் கொடு என்றால் கையிலுள்ள வேற்படையைக் கொடு என்பது பொருள். இடைவெளியும் புள்ளியும் அச்சுக் கோப்பவரின் கவலை மட்டுமே என்று எழுதுகிறவர் சொல்லிவிட முடியுமா?

செய்யுளுக்கு வருவோம். திருக்குறளின் முதல் அடியில் நான்கு சீர். இரண்டாம் அடியில் மூன்று சீர். அந்த அமைப்பைக் கண் காணும்போதே அது குறள் வெண்பா என்று மனம் அறிந்துகொள்கிறது. அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை என்கிறோம். அகலம் போதாத பத்தியில் அந்தக் குறளை இட்டு, நான்காம் சீரை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டால், எதுகை கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும். என் பணிக்காலத்தில் ஒரு வினாத்தாளில் இவ்வாறு நேர்ந்தது. பாடலை உரைநடைபோல் ஓட்டி அச்சிட்டுவிட்டு, அதிலுள்ள அடியெதுகையை எடுத்தெழுதுக என்று வினா கேட்டிருந்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே திகைத்துவிட்டார்கள். பிழை பிள்ளைகளுடையதன்று, பக்கத்தினுடையது.

ஓலைச்சுவடிகளிலிருந்து நம் இலக்கியங்கள் அச்சுக்கு வந்த வரலாறும் இதையே உணர்த்துகிறது. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இட்டிருக்கமாட்டார்கள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு செய்தவர் வீரமாமுனிவர் என்பதை அறிவீர்கள். பழைய ஏடுகளில் அந்த வேறுபாடும் இராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் எளிதில் விளங்காது. இத்தகைய ஏடுகளைப் பல ஊர்களிலிருந்து திரட்டி, ஒப்பிட்டு, சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் அச்சிட்டார் உ. வே. சாமிநாதையர். அவர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். பாட்டு வேறு உரை வேறு என்று பிரித்துக் காட்டியது அச்சமைப்பா, ஆராய்ச்சியா? இரண்டுமே. பொருளை அறியாதவர் அந்தப் பக்கத்தை அமைத்திருக்க முடியாது. அவர் பதிப்புகளில் முகவுரையும், நூலாசிரியர் வரலாறும், அரும்பத அகராதியும் இருப்பதைக் காணலாம். இவையெல்லாம் அலங்காரங்கள் அல்ல. படிக்கிறவர் வழி தவறாமல் இருக்க நட்ட கைகாட்டி மரங்கள். அவரும் ஒரே பதிப்புடன் நிறைவு கொள்ளவில்லை. பின்னர்க் கிடைத்த பிரதிகளைக் கொண்டு திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். முதற் பதிப்பிலேயே குறையெதுவும் இருக்கலாகாது என்று காத்திருந்தால் தமிழுலகம் இருபது ஆண்டுகள் சிந்தாமணி இல்லாமல் இருந்திருக்கும்.

1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்துக் குறைந்த விலையில் வெளியிட்டார். பாடலின் சொற்கள் மாறவில்லை; தாளில் அவை நின்ற முறை மாறியது. அந்த மாற்றத்தால், புலவர் துணையின்றிப் படிக்க அஞ்சிய பலர் துணிந்து அந்நூல்களைக் கையில் எடுத்தனர். அச்சமைப்பு பொருளுக்குப் பணி செய்யும்போது எத்துணைப் பயன் விளைகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எழுத்தின் அளவுகூட ஒரு நூலின் விதியைத் தீர்மானித்ததுண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட முனைந்தபோது, செர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகள் மிகப் பெரியவை. பெரிய எழுத்துக்குப் பக்கம் மிகுதியாக வேண்டும், பக்கம் மிகுந்தால் தாள் மிகுதியாக வேண்டும், தாளோ கிடைப்பதற்கரியது. ஆகவே சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். 1715இல் நூல் நிறைவு பெற்றது. எழுத்தின் அளவைக் குறைத்தது அழகு கருதியன்று. நூலை முடிக்க வேண்டும் என்பதற்காக. வடிவத்தைப் பற்றிய நல்ல முடிவு எப்போதும் நூலை முடிவை நோக்கி நகர்த்தும். தவறான முடிவு நூலை நின்ற இடத்திலேயே நிறுத்தும்.

இவ்விரண்டு பணிகளுக்கும் இடையே ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைப் பங்கிட்டுக் கொடுத்த வரலாற்றையும் இங்கே சொல்லவேண்டும். டொனால்டு நூத் என்பவர் அமெரிக்க நாட்டுக் கணினி அறிஞர். கணினிக்கு நிரல் எழுதும் கலையைப் பற்றி ஏழு பகுதிகளாக ஒரு பெருநூல் எழுதத் திட்டமிட்டார். முதற் பகுதி 1968இலும், இரண்டாம் பகுதி 1969இலும், மூன்றாம் பகுதி 1973இலும் வெளிவந்தன. அவை ஈய எழுத்துகளால் செம்மையாக அச்சானவை. பிறகு இரண்டாம் பகுதியின் புதிய பதிப்புக்கான புரூப் 1977இல் அவர் கைக்கு வந்தது. அதற்குள் பழைய ஈய எழுத்து முறை மறைந்து, ஒளிப்பட முறையில் அச்சுக் கோக்கும் வழக்கம் வந்திருந்தது. புதிய எழுத்துகள் அவர் கண்ணுக்கு அழகற்றவையாகத் தோன்றின. கணிதக் குறியீடுகள் நிறைந்த நூல் அது. இத்தனை ஆண்டுகள் உழைத்து எழுதியது இவ்வாறு வெளிவருவதா என்று மனம் வருந்தி, அச்சுக் கோக்கும் கணினி நிரல் ஒன்றைத் தாமே எழுத முற்பட்டார். அதற்கு டெக் என்று பெயரிட்டார். ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அது முடிய ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆயின.

அந்தப் பத்து ஆண்டுகளை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? ஒரு புறம் பார்த்தால், அவர் உலகுக்கு ஒரு பெருங்கொடை அளித்தார். அந்த நிரலை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். இன்றளவும் கணிதவியலாரும் இயற்பியலாரும் தம் கட்டுரைகளை அதனைக் கொண்டே அச்சுக்கு அமைக்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே முறிக்காமல், பத்தி முழுவதையும் ஒருங்கே பார்த்து எங்கெங்கே வரியை முறித்தால் இடைவெளிகள் சீராக அமையும் என்று அது கணக்கிடுகிறது. தம் நூலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2 டாலர் 56 செண்டு பரிசளிக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. திருத்தத்துக்கு அவ்வளவு மதிப்பளித்தவர் அவர்.

மறுபுறம் பார்த்தால், 1973இல் மூன்றாம் பகுதி வந்தது. நான்காம் பகுதியின் முதற் பிரிவு 2011இல்தான் நூலாக வெளிவந்தது. இடையிலே 38 ஆண்டுகள். இவ்வளவு தாமதமும் அச்சுப் பணியால் மட்டுமே நேர்ந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. அத்துறை அவர் எழுத எழுத வளர்ந்துகொண்டே போனதும் ஒரு பெருங் காரணம். எனினும் அச்சமைப்பு எழுத்திடமிருந்து பத்து ஆண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்பதை மறுக்க முடியாது. நூத் போன்ற ஒருவரிடமே ஓராண்டு என்று சொல்லிப் புகுந்து பத்தாண்டு தங்கியிருந்த விருந்தாளி அது. நம்மிடம் பத்து நிமிடம் என்று சொல்லிப் புகுந்தால் எவ்வளவு நேரம் தங்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் தம் பத்தாண்டுக்கு ஈடாக உலகுக்கு ஒரு கருவியைத் தந்தார். நானோ என் பொன்விழா மலரில் செலவிட்ட நாட்களுக்கு ஈடாகப் பூவேலையைத் தந்தேன்.

நூத் செய்த கருவியின் மேல், 1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் லேடெக் என்ற முறையை அமைத்தார். அதன் அடிப்படைக் கருத்து நமக்கு மிகவும் பயன்படுவது. எழுதுகிறவர், "இது இயல் தலைப்பு, இது மேற்கோள், இது பட்டியல்" என்று ஒவ்வொரு பகுதியும் என்ன என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போகவேண்டும். அது எவ்வளவு பெரிய எழுத்தில், எவ்வளவு இடம் விட்டு அமையவேண்டும் என்பதை வேறோரிடத்தில் ஒரே முறை தீர்மானித்துக்கொள்ளலாம். ஆழ்ந்து நோக்கினால், பழைய அச்சகத்தில் இருந்த வேலியையே அவர் கணினிக்குள் மீண்டும் கட்டியிருக்கிறார் என்பது விளங்கும்.

இனி, நடைமுறைக்கு வருவோம். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுடன் பயின்ற ஒருவர் கரும்பலகையில் மிக அழகாக எழுதுவார். ஒரு நாள் பயிற்சி வகுப்பில் பல வண்ணச் சுண்ணக்கட்டிகளால் தலைப்பை எழுதி, கீழே கோடிட்டு, படமும் வரைந்தார். மணி அடித்துவிட்டது; பாடம் பாதியில் நின்றது. எங்கள் விரிவுரையாளர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "இன்று பிள்ளைகள் தம் ஏட்டில் எதை எழுதிக்கொண்டு போனார்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்தபின் நீங்களும் இதே கேள்வியை உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று படிக்கிறவருக்குக் கொண்டுபோக நான் என்ன புதிதாகத் தந்தேன்? விடை வாக்கியமாக இருந்தால் அது எழுத்துப் பணி. விடை நிறமாகவும் கோடாகவும் இருந்தால் அது வேறு பணி.

என் மாணவர்களுக்கு நான் ஒரு பங்கீடு சொல்வதுண்டு. பத்து நாள் கையில் இருந்தால் ஏழு நாள் எழுதுவதற்கு. இரண்டு நாள் படித்துத் திருத்துவதற்கு. ஒரு நாள் அமைப்புக்கு. இது சாத்திரம் அன்று. ஓர் ஆசிரியனின் அனுபவக் கணக்கு. செய்யுள் மிகுந்த நூலுக்கும், கணக்கு மிகுந்த நூலுக்கும் அமைப்பின் பங்கைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் ஏழு நாளும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில் எழுதுங்கள். இது தலைப்பு, இது பத்தி, இது செய்யுள், இது மேற்கோள் என்ற குறிப்பு மட்டும் போதும். மற்றவற்றைத் தொடாதீர்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் நூலில் பாடல்களோ, அட்டவணைகளோ, கணக்குகளோ இருக்குமானால், தொடக்கத்திலேயே ஒரு மாதிரிப் பக்கம் அமைத்துப் பாருங்கள். பாடலின் மிக நீண்ட அடி பத்தியின் அகலத்துக்குள் அடங்குகிறதா, அட்டவணை ஒரு பக்கத்தில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அடங்காவிட்டால் அட்டவணையை இரண்டாகப் பிரித்து எழுதவேண்டியிருக்கும். அதை முன்னரே அறிவது நல்லது. வீடு கட்டுகிறவர் சாளரம் எங்கே என்று முதலிலேயே தீர்மானிக்கிறார். அதற்குத் திரைச்சீலை வாங்குவது குடிபுகும்போதுதான்.

அடுத்த இரண்டு நாட்களில், எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்று கவனியுங்கள். கண்ணைக் கவரும் வடிவில் கொடுத்தால் அவர் அழகை மெச்சுவார். குறையைச் சொல்லத் தயங்குவார். எளிய படியைக் கொடுத்தால் வாக்கியத்தைப் பற்றிப் பேசுவார். முற்றுப்பெறாத ஒன்றுக்கு முற்றுப்பெற்ற தோற்றம் தருவது பிறரை மட்டுமன்றி நம்மையே ஏமாற்றும். அச்சுப் போலவே தோன்றும் பக்கத்தைத் திருத்த நமக்கே மனம் வராது.

கடைசி நாளில் அமைப்பைக் கவனியுங்கள். எழுத்துரு ஒன்று போதும். தலைப்புக்கு வேண்டுமானால் மற்றொன்று. ஓரங்களில் தாராளமாக இடம் விடுங்கள். புள்ளியெழுத்து வரியின் முதலில் வந்து நிற்காமற் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அச்சுக் கோப்பவர்கள் அதை ஒரு குற்றமாகவே கருதினார்கள். தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் அதன் பத்தி அடுத்த பக்கத்தின் தலையிலுமாகப் பிரியவிடாதீர்கள். பிறகு தாளில் அச்சிட்டு, கையில் எழுதுகோலுடன் ஒருமுறை புரூப் பாருங்கள். திரையில் மறைந்து நின்ற பிழை தாளில் தானே எழுந்து நிற்கும்.

இவ்வாறு பொருளையும் வடிவத்தையும் பிரித்து வைப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. அதையும் என் மலரைக் கொண்டே சொல்கிறேன். 1998இல் நான் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டது. அக்காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையை வைத்திருந்தார்கள். ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். உலகப் பொதுமுறையாகிய யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது நம் ஊர்களிற் பரவப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு அம்முறையை 2010இல் ஏற்றது. 2023இல் எங்கள் பள்ளி பவள விழாக் கொண்டாடியபோது, பழைய மலரிலிருந்து சில கட்டுரைகளை மறுபடியும் வெளியிட விரும்பினார்கள். நான் பாதுகாத்து வைத்திருந்த நெகிழ்வட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாயிற்று. கிடைத்துத் திறந்தபோது, நான் வாரக்கணக்காக அமைத்த ஓரங்களும் பூவேலையும் சிதறிக் கிடந்தன. எழுத்துகள் எவருக்கும் புரியாத குறிகளாய் நின்றன. கடைசியில், அச்சான மலர்ப் பிரதி ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, பதினோராம் வகுப்பு மாணவியர் இருவர் கட்டுரைகளை முதலிலிருந்து தட்டெழுதினார்கள்.

அவர்கள் எதைத் தட்டெழுதினார்கள் என்று கவனித்துப் பார்த்தேன். சொற்களை மட்டுமே. என் பூவேலையை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. அந்த இரண்டு பக்கங்களுக்கு வந்தபோது, ஒரு மாணவி என்னை நோக்கி, "ஐயா, இந்தப் பெரியவர் பெயர் இருக்கிறதே, அவர் சொன்னது ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள். "நான் போய்க் கேட்கவில்லை அம்மா" என்று சொன்னேன். வேறு விடை என்னிடம் இல்லை.

ஆகவே, மாணவ நேயர்களே, உங்கள் எழுத்தை அழகாக அச்சிடுங்கள்; அது படிக்கிறவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. ஆனால் முதலில் எழுதி முடியுங்கள். நீங்கள் சந்தித்து எழுதிக்கொள்ள வேண்டிய முதியவர் எவரேனும் இருந்தால், கணினியை மூடிவிட்டு, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே அவரிடம் போய் உட்காருங்கள். ஓரத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.